போனில் நொண்டும் கடல்: வாசகர் கேள்வி பதில்

கணினி விளையாட்டில் நாம் பார்க்கும் எந்த உருவமும் முக்கோணங்களைக் கோத்துச் செய்ததுதான். அதற்குப் பெயர் மெஷ். முக்கோணத்தின் மூலைகள் வெர்டெக்ஸ். ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்த மூலைகளை நகர்த்தி உருவத்தை நெளியவோ நசுங்கவோ வைத்தால் போன் திணறுகிறது, என்ன செய்யலாம் என்று இந்த மாதம் நம் குமரி மாவட்டத்திலிருந்தே பலர் கேட்டிருக்கிறீர்கள். கடற்கரையிலிருந்தும் கடிதம் வந்திருக்கிறது, மலையோரத்திலிருந்தும் வந்திருக்கிறது. அதனால் இந்த முறை வேறு எதையும் எடுக்கவில்லை.

யூனிட்டியில் (விளையாட்டு செய்யும் மென்பொருள்) வள்ளம் ஓட்டும் விளையாட்டு ஒன்று செய்கிறேன். கடலுக்கு 200-க்கு 200 கட்டம் உள்ள மெஷ். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் (திரையில் வரும் ஒவ்வொரு படத்துக்கும்) ஓடும் அப்டேட்டில், மூலைகளின் பட்டியலான மெஷ்.வெர்டிசஸ் எடுத்து, ஒவ்வொரு வெர்டெக்ஸின் உயரத்தையும் சைன் போட்டு மாற்றி, திரும்ப வைக்கிறேன். பிறகு ரீகால்குலேட்நார்மல்ஸ் போட்டு நார்மல்களை (பரப்பு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை) திரும்பக் கணக்கிடுகிறேன். வள்ளம் மிதக்க வேண்டுமே என்று மோதலைக் கண்டறியும் மெஷ் கொலைடரையும் ஒவ்வொரு ஃபிரேமும் புதுப்பிக்கிறேன். கல்லூரிக் கணினியில் இழுத்துப் பறித்து ஓடுகிறது. அப்பாவின் போனில் படம் படமாக நிற்கிறது. வேலையைப் பல கோருக்குப் பிரிக்கும் ஜாப் சிஸ்டமும், நிரலை வேகமாக்கும் பர்ஸ்ட்டும் படித்தால் சரியாகுமா? வள்ளத்தின் பின்னால் விரியும் தண்ணீர்த் தடத்துக்கு என்ன செய்வது?
– கல்லூரி மாணவர், குளச்சல்

ஓரளவு சரியாகும். ஆனால் இந்த வேலைக்கு அவை தேவையே இல்லை, தம்பி. வேகமாகச் செய்வது எப்படி என்று யோசிப்பதற்கு முன்னால், இந்த வடிவம் யாருக்கு வேண்டும் என்று கேளுங்கள். உங்கள் ஆட்டத்தில் கடலின் வடிவம் இரண்டு பேருக்கு வேண்டும். ஒன்று, ஆடுகிறவரின் கண்ணுக்கு. இன்னொன்று, மிதக்கும் வள்ளத்துக்கு. கண்ணுக்கு முழுக் கடலும் வேண்டும், ஆனால் அது படமாக இருந்தால் போதும். வள்ளத்துக்கு எண்கள் வேண்டும், ஆனால் அதன் அடியில் இருக்கும் தண்ணீரின் எண்கள் மட்டும். நீங்கள் இரண்டையும் ஒரே மெஷ்ஷில் போட்டு, இரண்டுக்கும் சேர்த்து சிபியுவை (போனின் முதன்மைச் சில்லை) அடிக்கிறீர்கள்.

இப்போது நடப்பதைக் கணக்குப் போடலாம். 200-க்கு 200 கட்டம் என்றால் 201 பெருக்கல் 201, அதாவது 40,401 வெர்டெக்ஸ், 80,000 முக்கோணம். மெஷ்.வெர்டிசஸ் என்று கேட்கும் ஒவ்வொரு முறையும் யூனிட்டி முழு அரேயையும் புதிதாகப் பிரதி எடுத்துத் தரும். ஒரு வெர்டெக்ஸுக்கு 12 பைட், ஆக ஒரு பிரதி சுமார் 485 கிலோபைட். நொடிக்கு 60 ஃபிரேம் ஓடினால் 29 மெகாபைட் குப்பை. அதைக் கூட்டிப் பெருக கார்பேஜ் கலெக்டர் வரும்போதெல்லாம் ஆட்டம் ஒரு குலுக்கு குலுங்கும். நல்லவேளை, நீங்கள் லூப்புக்கு வெளியே ஒருமுறைதான் கேட்டிருக்கிறீர்கள். லூப்புக்குள்ளே கேட்கிறவர்களும் உண்டு. அப்படிச் செய்தால் ஒரே ஃபிரேமுக்கு 19 ஜிகாபைட்டுக்கு மேல் பிரதி எடுக்க வேண்டும்.

ரீகால்குலேட்நார்மல்ஸ் ஒவ்வொரு ஃபிரேமும் எண்பதாயிரம் முக்கோணத்தையும் சுற்றி வருகிறது. அதையாவது மன்னிக்கலாம். மெஷ் கொலைடரை மாற்றியவுடன் இயற்பியல் இஞ்சின் அந்த முக்கோணங்களைத் தேடுவதற்கு வசதியாக முழுதாக அடுக்கிக் கட்டுகிறது. வேலைகளிலேயே கனமானது அதுதான். ஒரு மீனின் விலை தெரிய ஏலக்கூடத்தையே வீட்டுக்குத் தூக்கி வருவது போன்ற காரியம். முதலில் அதைக் கழற்றுங்கள். வேறு எதுவும் செய்யாவிட்டாலும் அந்த ஒன்றிலேயே வித்தியாசம் தெரியும்.

அப்புறம், அலைக் கணக்கை வெர்டெக்ஸ் ஷேடருக்கு, அதாவது படம் வரையும் சில்லான ஜிபியுவில் ஒவ்வொரு வெர்டெக்ஸுக்கும் ஓடும் சிறு நிரலுக்கு, மாற்றுங்கள். தட்டையான கட்டம் ஒன்றை ஆரம்பத்தில் ஒரு தடவை ஜிபியுவிடம் கொடுத்தால் போதும். அதற்குப் பிறகு ஃபிரேமுக்கு அனுப்ப வேண்டியது நேரம் என்கிற ஒரே எண். ஒவ்வொரு வெர்டெக்ஸும் தன் இடத்தையும் நேரத்தையும் வைத்துத் தன் உயரத்தைத் தானே கணக்கிட்டுக்கொள்ளும். நார்மலையும் முக்கோணங்களைச் சுற்றித் தேட வேண்டாம். உயரம் சைன் என்றால் சரிவு கொசைன். பள்ளியில் படித்த வகைக்கெழுதான். எக்ஸ் திசைச் சரிவையும் இசட் திசைச் சரிவையும் கண்டுபிடித்து, இரண்டுக்கும் மைனஸ் போட்டு, நடுவில் 1 வைத்து, நீளம் ஒன்றாகும்படி நார்மலைஸ் செய்தால் முடிந்தது.

இதில் மூன்று இடத்தில் கால் இடறும்.

யூனிட்டிக்கு உங்கள் மெஷ் இன்னும் தட்டைதான். ஷேடரில் நடப்பது அதற்குத் தெரியாது. கேமரா தாழ்வாக இருக்கும்போது கடல் திரைக்கு வெளியே போய்விட்டதாக நினைத்து வரையாமலே விட்டுவிடும். அதனால் பௌண்ட்ஸை (மெஷ் அடங்கும் பெட்டியின் எல்லையை) அலையின் உச்ச உயரத்துக்கு நீங்களே பெரிதாக்கி வையுங்கள்.

அடுத்தது, ஷேடரில் நேரத்தை ஹாஃப் (16 பிட் எண்) என்று அறிவிக்காதீர்கள், ஃப்ளோட்டாக (32 பிட் எண்) வையுங்கள். போனுக்கு ஹாஃப் நல்லது என்று எல்லாரும் சொல்வார்கள். நிறத்துக்கு அது சரி. நேரத்துக்கு ஆகாது. ஹாஃபில் 1024-ஐத் தாண்டினால் அடுத்த எண் 1025தான், நடுவில் ஒன்றும் கிடையாது. ஆட்டம் தொடங்கிப் பதினேழு நிமிடத்தில் கடல் நொடிக்கு ஒரு தடவை குதிக்கும். உண்மையில் இரண்டு நிமிடம் தாண்டியதுமே எட்டில் ஒரு பங்கு நொடிக்கு ஒருமுறை தாவத் தொடங்கிவிடும். கணினியில் ஹாஃபையும் பெரும்பாலும் ஃப்ளோட்டாகவே கணக்கிடுவதால் அங்கே இந்தக் கோளாறு தெரியாது, போனில்தான் தெரியும்.

மூன்றாவது, வள்ளம். அணியம், பின்தலை, இரண்டு பக்கவாட்டு, நடு என்று ஐந்து புள்ளி போதும். அதே அலைச் சூத்திரத்தை யூனிட்டியின் நிரல்மொழியான சி ஷார்ப்பிலும் எழுதி, அந்த ஐந்து இடத்தில் மட்டும் உயரம் கேளுங்கள். நாற்பதாயிரம் எங்கே, ஐந்து எங்கே! ஆனால் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தைப் பயன்படுத்த வேண்டும். ஷேடரில் தானாக வரும் நேரத்தை நம்பாமல், நிரலிலிருந்து நீங்களே அனுப்புங்கள். இல்லாவிட்டால் அலை ஓரிடத்தில் எழும்பும், வள்ளம் வேறிடத்தில் எழும்பும்.

இதெல்லாம் முடிந்த பிறகும் கனமாக இருந்தால் கட்டத்தைப் பாருங்கள். தொடுவானம் வரை ஒரே நெருக்கத்தில் கட்டம் எதற்கு? வள்ளத்தைச் சுற்றி நெருக்கமாகவும், வெளியே போகப் போக அகலமாகவும் வளையம் வளையமாகக் கட்டுங்கள். வளையம் வள்ளத்தோடு நகரட்டும், ஆனால் ஒரு கட்டத்தின் அகலத்துக்குத் தாவித் தாவி நகரட்டும். வழுக்கிக்கொண்டே போனால் அலையின் விளிம்பு கொதிப்பதுபோல் தெரியும். வள்ளத்தின் பின்னால் விரியும் தண்ணீர்த் தடம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அதை நுரைப் படமாக வைத்துவிட்டு ஆட்டத்தை முடியுங்கள். அடுத்த பதிப்பில் பார்க்கலாம்.

என் பேரன் கம்ப்யூட்டரில் கடல் செய்கிறான். பார்த்தேன். எல்லா அலையும் ஒரே உயரம், ஒரே இடைவெளி. உச்சியும் குழியும் ஒரே உருண்டை. கரைக்கு வந்தும் எழும்பவில்லை. கேட்டால், இதற்கு மேல் செய்தால் போன் தாங்காது தாத்தா என்கிறான். நிஜமா?
– நெடுங்காலம் கடலுக்குப் போனவர், முட்டம்

அஞ்சலட்டையில் இடம் போதாமல் ஓரத்திலும் திருப்பி எழுதியிருந்தீர்கள், ஐயா. இந்த மாதத்தில் எனக்கு மிகவும் பிடித்த கடிதம் இதுதான். பேரன் சொல்வது நிஜமில்லை. நீங்கள் சொன்ன குறைகளில் பலவற்றைத் திருத்தப் போனுக்குச் செலவே கிடையாது.

வலையின் மிதப்பைக் கவனித்திருப்பீர்கள். அலை வரும்போது அது மேலே மட்டும் போகாது. எழும்பி, கொஞ்சம் முன்னே போய், இறங்கி, பின்னுக்கு வந்து நிற்கும். தண்ணீர் வட்டம் போடுகிறது. அலைதான் கரைக்குப் போகிறது. பேரன் தண்ணீரை மேலும் கீழும் மட்டுமே ஆட்டியிருக்கிறான், அதனால்தான் உச்சியும் குழியும் ஒன்றுபோல் இருக்கின்றன. பொஹீமியாவைச் சேர்ந்த கெர்ஸ்ட்னர் என்பவர் 1802-இலேயே இந்த வட்டக் கணக்கை எழுதிவிட்டார். அதைப் போட்டால் உச்சி கூராகும், குழி அகலும். கூடுதல் செலவு, அலைக்கு ஒரு கொசைன்.

பேரனுக்கு இரண்டு வார்த்தை. அலையெண்ணை (2π-ஐ அலை நீளத்தால் வகுத்தது) வீச்சால் (அலையின் பாதி உயரத்தால்) பெருக்கினால் ஒன்றைத் தாண்டக் கூடாது. தாண்டினால் உச்சி தன்னையே சுற்றி முடிச்சு விழும். பல அலைகளைக் கூட்டும்போது அந்தப் பெருக்கல்களின் மொத்தமும் ஒன்றுக்குள் இருக்கட்டும். இன்னொன்று, கெர்ஸ்ட்னர் அலையில் வெர்டெக்ஸ் பக்கவாட்டிலும் நகர்வதால், வள்ளத்துக்கு உயரம் கேட்கும்போது நேராகக் கேட்டால் தப்பான விடை வரும். பக்கவாட்டு நகர்வைக் கழித்து மறுபடி கேட்க வேண்டும். இரண்டு மூன்று சுற்றில் கிட்டே வந்துவிடும். குளச்சல் தம்பியும் இதைக் குறித்துக்கொள்ளட்டும்.

அடுத்தது வேகம். ஆழ்கடலில் நீளமான அலை வேகமாக ஓடும். பத்து மீட்டர் இடைவெளி உள்ள அலை நொடிக்கு ஏறக்குறைய 4 மீட்டர் போனால், நாற்பது மீட்டர் அலை 8 மீட்டர் போகும். பேரன் எல்லாவற்றுக்கும் ஒரே வேகம் கொடுத்திருப்பான். அதனால்தான் மொத்தக் கடலும் சேர்ந்து நகர்வதாக உங்கள் கண்ணுக்குப் பட்டிருக்கிறது. நாலு அலை, நாலு நீளம், கொஞ்சம் கொஞ்சம் விலகிய திசைகள், நீளத்துக்கு ஏற்ற வேகம். இந்த எண்களைத் தொடக்கத்தில் ஒருமுறை கணக்கிட்டு ஷேடரிடம் கொடுத்தால் போதும். எட்டு, பத்து என்று அலையைக் கூட்டிக்கொண்டே போகிறவர்கள் உண்டு. போன் திரையில் அத்தனையும் தெரியாது; சிறு நெளிவுக்கு நார்மல் மேப் (மேடு பள்ளம்போல் காட்டும் படம்) இருக்கிறது.

கரையில் எழும்புவதுதான் கொஞ்சம் சிக்கல். தண்ணீர் ஆழம் குறைந்தால் அலை மெதுவாகும். பத்து மீட்டர் ஆழத்தில் நொடிக்கு 10 மீட்டர் வரை போகக்கூடிய நீண்ட அலை, இரண்டு மீட்டர் ஆழத்தில் 4.4 மீட்டர்தான் போகும். முன்னது தயங்க, பின்னது நெருக்க, இடைவெளி குறைந்து உயரம் கூடும். உயரம் ஆழத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கைத் தாண்டினால் உடையும். ஆனால் அலை வருகிற காலம் மட்டும் மாறாது. கரையில் நின்று எண்ணினாலும் நடுக்கடலில் எண்ணினாலும் ஒரே எண்ணிக்கைதான் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பேரன் இங்கேதான் சறுக்குவான். ஆழத்துக்கு ஏற்ப அலையெண்ணை இடத்துக்கு இடம் மாற்றி அப்படியே தூரத்தால் பெருக்கினால் அலை கண்டபடி நெளிந்து கிழியும். ஆழ்கடலிலிருந்து கரை வரை அலையெண்ணைக் கூட்டிக்கொண்டே வந்து, அந்தக் கூட்டுத்தொகையைச் சிறு டெக்ஸ்சர் (ஷேடர் படிக்கும் படம்) ஒன்றில் முன்கூட்டியே எழுதி வைக்கச் சொல்லுங்கள். ஷேடர் அதைப் படித்து, நேரக் கணக்கைக் கழித்துக்கொண்டால் முடிந்தது. உடைகிற இடத்தில் மெஷ்ஷைச் சுருட்ட வேண்டாம், நுரையும் தெறிப்பும் போதும்.

கடைசியாக ஒன்று. ஆனி ஆடியில் கச்சான் அடிக்கும்போது கடல் வேறு என்பதை அவனுக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும். அப்படியே, ஆட்டத்தில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை குளச்சல் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றனவா என்றும் பாருங்கள். சின்னமுட்டத்துக்குக் கிழக்குக் கரைக் கணக்கு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. ஒரே மாவட்டத்தில் இரண்டு மீன்பிடித் தடைக்காலம் வருகிறது. விளையாட்டுக்கு நல்ல சங்கதி.

ரப்பர் ஷீட் அடிப்பதைச் சொல்லிக்கொடுக்கும் சிறு ஆட்டம் செய்கிறேன். உறைந்த கட்டி ரோலருக்குள் போய் மெலிந்து நீண்டு வரவேண்டும். நெளியும் பொருளின் அசைவைக் கணக்கிடும் சாஃப்ட் பாடி சிமுலேஷன் போட்டேன். ஆட்டம் நின்றேவிட்டது.
– வாசகி, குலசேகரம்

சிமுலேஷனைத் தூக்கிப் போடுங்கள், தங்கச்சி. ரோலரில் போகிற ஷீட் எப்படி வெளியே வரும் என்பது உங்கள் வீட்டில் எல்லாருக்கும் முன்பே தெரியும். விடை தெரிந்த கணக்கை ஃபிரேமுக்கு ஃபிரேம் புதிதாகப் போட வேண்டாம்.

கைப்பிடியை எவ்வளவு சுற்றியிருக்கிறோம் என்கிற ஒரே எண்ணை ஷேடருக்கு அனுப்புங்கள். கட்டியின் நுனியிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறோம் என்பது ஒவ்வொரு வெர்டெக்ஸுக்கும் தெரியும். அந்தத் தூரம் சுற்றிய அளவுக்குள் வந்துவிட்டால், ரோலரைத் தாண்டிவிட்டது: தடிமனைக் குறை, நீளத்தைக் கூட்டு. இன்னும் வரவில்லையென்றால் அப்படியே விடு. ரப்பரின் கன அளவு மாறாது. அகலமும் மாறாது என்று வைத்துக்கொண்டால் தடிமன் பாதியானபோது நீளம் இரட்டிக்கும். ரோலர் வாயில் மட்டும் இரண்டு நிலைக்கும் நடுவே மெல்ல மாற்றும் ஒரு ஸ்மூத்ஸ்டெப். இரண்டாவது ரோலர் போடும் வரிகளுக்கு நார்மல் மேப்.

நீளவாக்கில் மட்டும் வெர்டெக்ஸைக் கொஞ்சம் தாராளமாக வையுங்கள், இழுபடும்போது கோணல் தெரியாமல் இருக்கும்.

கரமடி (கரையிலிருந்து இழுக்கும் வலை) இழுக்கும் காட்சி. வலையின் ஒவ்வொரு கண்ணையும் மெஷ்ஷாகவே செய்து, துணிபோல் அசையவைக்கும் க்ளாத் போட்டேன். போன் சூடாகி ஆட்டம் நிற்கிறது. ஷேடரில் போடலாம் என்றால் வலை முன் ஃபிரேமில் எங்கே இருந்தது என்று ஷேடருக்குத் தெரியாதே?
– வாசகர், தேங்காப்பட்டணம்

சரியான இடத்தைப் பிடித்திருக்கிறீர்கள். கடலுக்கும் ரப்பருக்கும் நேரத்தையோ சுற்றையோ சொன்னால் வடிவம் கிடைத்துவிடும். வலைக்கு அப்படி இல்லை. இப்போது எங்கே இருக்கிறது என்பது சற்று முன் எங்கே இருந்தது என்பதைப் பொறுத்தது. ஜிபியுவில் பொதுக் கணக்குப் போடும் கம்ப்யூட் ஷேடரில், ஒரு பஃபரில் (நினைவகத் துண்டில்) அந்த நினைவை வைக்கலாம். ஆனால் பழைய மாலி ஜிபியு சில்லு உள்ள சில போன்களில் வெர்டெக்ஸ் ஷேடரால் அந்த பஃபரைப் படிக்க முடியாது. அதோடு, மீன் மாட்டியதா என்று உங்கள் நிரலும் வலையைக் கேட்க வேண்டியிருக்கிறது. ஜிபியுவிலிருந்து விடை திரும்பி வர ஓரிரு ஃபிரேமாவது தாமதமாகும். ஆகவே இதைச் சிபியுவிலேயே வையுங்கள்.

ஆனால் எல்லாக் கண்ணையும் அல்ல. 40-க்கு 12 புள்ளி உள்ள முரட்டு வலை ஒன்று போதும். 480 புள்ளி, அண்டை அயலோடு கட்டினால் 908 இணைப்பு. வலைக்கண்ணை அதன்மேல் டெக்ஸ்சராக ஒட்டுங்கள். புள்ளிகளை வெர்லே முறையில் நகர்த்துங்கள்: பழைய இடம், இப்போதைய இடம், இரண்டின் வித்தியாசமே வேகம். பிறகு ஒவ்வொரு இணைப்பையும் அதன் நீளத்துக்கு இழுத்துச் சரிசெய்யும் சுற்று நாலைந்து. நேர இடைவெளி நிலையாக இருக்கட்டும், ஃபிரேம் வேகத்தோடு மாறினால் வலை துடிக்கும்.

இங்கே பர்ஸ்ட் போடுங்கள். குப்பை சேர்க்காத நேட்டிவ்அரே, பர்ஸ்ட் ஒட்டிய ஒரு ஜாப். அப்டேட்டில் தொடங்கி லேட்அப்டேட்டில் முடிவை வாங்குங்கள். இணையாகப் பிரிக்கும் ஜாப் இந்த அளவுக்கு வேண்டாம், 480 புள்ளியை நாலு கோருக்குப் பங்கு வைக்கிற செலவே வீண். பின்னால் பல ஆயிரம் புள்ளி ஆகிவிட்டால் பிரிக்கலாம். அப்போது ஒரே புள்ளியை இரண்டு இணைப்பு ஒரே சமயத்தில் இழுத்துவிடக் கூடாது. கிடைமட்ட இணைப்புகளில் ஒற்றை, இரட்டை. செங்குத்தில் ஒற்றை, இரட்டை. இப்படி நாலு கூட்டமாக்கி ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டினால் எந்தக் கூட்டத்திலும் புள்ளி மோதாது.

மெஷ்ஷுக்கு மார்க்டைனமிக் (அடிக்கடி மாறும் என்ற அறிவிப்பு) சொல்லிவிடுங்கள். இடமும் நார்மலும் ஒரு ஸ்ட்ரீம், மாறாத யூவி (டெக்ஸ்சர் எங்கே ஒட்டும் என்ற எண்கள்) வேறொரு ஸ்ட்ரீம். மாறுவதை மட்டும் அனுப்பலாம். நார்மலைக் கட்டத்தின் அண்டைப் புள்ளிகளைக் கழித்தே எடுக்கலாம். மடிக்குள் மீன் சிக்கியதா என்பதற்கு மெஷ் கொலைடர் வேண்டாம், புள்ளிகளுக்கும் மீனுக்கும் உள்ள தூரம் போதும். இவ்வளவும் செய்த பிறகு ஃபிரேம் விழுந்தால், காரணம் வளைப்பது அல்ல. கண்ணுக்குக் கண் துளை வெட்டும் ஆல்ஃபா க்ளிப்பிங்காக இருக்கும். போன் ஜிபியுவுக்கு அது பிடிக்காது. தூரத்தில் வலையைத் துளையில்லாத மங்கல் துணியாக மாற்றிவிடுங்கள், யாரும் கவனிக்க மாட்டார்கள்.

இதெல்லாம் கோடோ இஞ்சினில் முடியுமா?
– மார்த்தாண்டம்

முடியும். ஷேடர் கணக்கு ஏறக்குறைய அப்படியே போகும். மெஷ்ஷைத் திருத்தும் மெஷ்டேட்டாடூலை மட்டும் ஃபிரேமுக்கு ஃபிரேம் ஓட்டாதீர்கள், அது எடிட்டர் வேலைக்கு வசதி, ஆட்ட வேகத்துக்கு அல்ல. கோடோவின் நிரல்மொழியான ஜிடிஸ்கிரிப்ட்டில் பல்லாயிரம் வெர்டெக்ஸ் லூப் போடுவதும் அப்படித்தான்.

எந்தப் போனில் சோதித்துப் பார்ப்பது?
– நாகர்கோவிலிலிருந்து மூவர், தனித்தனியாக

வீட்டில் இருப்பதிலேயே மட்டமான போனில். எடிட்டரில் தெரியும் எண்ணை நம்ப வேண்டாம். போனில் டெவலப்மென்ட் பில்டு (சோதனைப் பதிப்பு) போட்டு, கேபிளில் இணைத்து, எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும் ப்ரொஃபைலரைப் பாருங்கள். முதலில் திரையின் ரெசல்யூஷனைப் பாதியாக்குங்கள். வேகம் மாறவில்லை என்றால் ஜிபியு பிக்சல் வரைவதில் சிக்கவில்லை. சிபியுவிலோ வெர்டெக்ஸிலோ தேடுங்கள். 60 ஃபிரேமுக்கு 16.6 மில்லிநொடிதான் கிடைக்கும், 30-க்கு 33.3. வள்ளம், வலை மாதிரி நிதான ஆட்டத்துக்கு 30 தாராளம், போனும் சூடாகாது.

சூடு என்றதும் நினைவுக்கு வருகிறது. கேபிளில் இருந்தால் போன் சார்ஜும் ஏறிக் கூடுதலாகக் கொதிக்கும். அதனால் ப்ரொஃபைலர் வேலை முடிந்ததும் கேபிளைக் கழற்றி, மின்விசிறியை நிறுத்திவிட்டு, இருபது நிமிடம் விடாமல் ஆடுங்கள். முதல் நிமிட ஃபிரேம் எண்ணிக்கையையும் கடைசி நிமிடத்து எண்ணிக்கையையும் குறித்து வையுங்கள். அடுத்த மாதம் கேள்வி அனுப்புகிறவர்கள் அந்த இரண்டு எண்ணையும் போனின் மாடலையும் சேர்த்தே எழுதுங்கள். "மெதுவாக ஓடுகிறது" என்று மட்டும் எழுதினால் நான் என்ன பதில் சொல்வது?